கெர்னலின் மரண வாக்குமூலம்

அத்தியாயம் 9: பேனிக்கும் ஊப்ஸும்

"கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்." எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நள்ளிரவில் போனில் இதைப் படித்துக்காட்டினார். "பாட்டுப் பாடலைன்னு சொல்லுது சார், என்னன்னு புரியலை" என்றார். "அது பாடாதது இருக்கட்டும் தம்பி, ரீபூட் மட்டும் பண்ணிடாதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பட்டனை அழுத்திவிட்டார். சர்வர் எழுந்துவிட்டது. அது ஏன் விழுந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த 'சிங்கிங்' பாட்டு இல்லை, 'சிங்க்' செய்வது. ஒரு கோப்பைச் சேமித்ததும் அது நேரே டிஸ்குக்குப் போய்விடுவதில்லை. கொஞ்ச நேரம் ரேமில் காத்திருந்து, பிறகுதான் எழுதப்படுகிறது. முறையாக அணைக்கும்போது இந்த மிச்சம் மீதியை எல்லாம் டிஸ்கில் இறக்கிவிட்டுத்தான் கெர்னல் ஓயும். பேனிக் ஆகும்போது 'அதைச் செய்யமாட்டேன்' என்று அறிவித்துவிட்டு நிற்கிறது. தன் நினைவகமே கெட்டிருக்கலாம் என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெட்டதைக் கொண்டுபோய் டிஸ்கில் கொட்டினால் அங்கிருக்கும் நல்லதும் கெடும். ஐந்து நிமிட வேலை போனால் போகட்டும், ஐந்து வருட டேட்டாபேஸ் பிழைக்கட்டும் என்ற கணக்கு. விபத்து முன்பே நடந்து முடிந்துவிட்டது. பேனிக் என்பது அதைக் கண்டபின் கெர்னல் எடுக்கும் முடிவு.

இந்த முடிவால் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு. டிஸ்கில் எதையும் எழுதமாட்டேன் என்று சொன்ன கெர்னல், தான் ஏன் சாகிறது என்பதையும் டிஸ்கில் எழுதுவதில்லை. ரீபூட் ஆனபின் லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் 1:47 வரை எல்லாம் நலம், அடுத்த வரியில் 1:53-க்கு மெஷின் புதிதாக எழுகிறது. நடுவில் ஒன்றுமில்லை. மரண வாக்குமூலத்தைச் சாகிறவரே எழுதிவைக்க முடியாது. தாளும் பேனாவுமாக மாஜிஸ்ட்ரேட் வந்து நிற்கவேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த மாஜிஸ்ட்ரேட்டை முன்கூட்டியே வரவழைத்து வைப்பதைப் பற்றியது.

பேனிக் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. யூனிக்ஸுக்கு முந்திய மல்டிக்ஸில் வேலை பார்த்தவர் டாம் வான் விளெக். தான் எழுதும் நிரலில் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கே போகிறது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம், பேனிக் என்று ஒரு ரொட்டீன் வைத்திருக்கிறோம், அது கூப்பிடப்பட்டால் மெஷின் விழும், தாழ்வாரத்தில் குரல் கொடுத்து யாரையாவது ரீபூட் பண்ணச் சொல்வோம் என்பதுபோல ரிச்சி பதில் சொன்னாராம். அன்றைக்கு மெஷினும் ஆளும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தார்கள். உங்கள் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

(மற்ற அத்தியாயங்களைப் போலவே இதிலும் கட்டளைகளை வாயால் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

ஊப்ஸ் வேறு, பேனிக் வேறு

விண்டோஸில் கெர்னலுக்குள் கையாளப்படாத தவறு நேர்ந்தால் மெஷின் நின்றுவிடும், பிழைத்திரை வரும். லினக்ஸ் அப்படி இல்லை. முதலில் 'ஊப்ஸ்' என்று ஓர் அறிக்கையைக் கொட்டும். அந்த நேரத்தில் எந்த பிராசஸுக்காகக் கெர்னல் வேலை செய்துகொண்டிருந்ததோ அதைக் கொன்றுவிட்டு, மற்றவற்றை ஓடவிடும். பேச்சுவழக்கில் ஊப்ஸ், பேனிக் இரண்டையும் 'கிராஷ்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

சில இடங்களில் நேரும் ஊப்ஸை அப்படி விட்டுவிட முடியாது. இன்டரப்ட் ஒன்றைக் கையாளும்போது நேர்ந்தால், கொல்வதற்குப் பொருத்தமான பிராசஸ் எதுவும் இல்லை. ஐடில் டாஸ்க்கிலோ, முதல் பிராசஸான இனிட்டிலோ நேர்ந்தால், அதைக் கொன்றபின் ஓட எதுவும் இல்லை. அப்போது ஊப்ஸ் நேரே பேனிக்காகிறது. 'பேனிக்_ஆன்_ஊப்ஸ்' என்ற அமைப்பை 1 என்று வைத்திருந்தால் எந்த ஊப்ஸும் பேனிக்தான்.

ஊப்ஸுக்குப் பிறகு மெஷின் ஓடுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு ஃபைல் சர்வர் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உறைந்துபோகும். திரையில் எப்போதும் ஒரே புகார்: இன்ன பிராசஸ் 120 விநாடிக்கு மேலாக முடங்கிக் கிடக்கிறது. டிஸ்க்தான் இழுக்கிறது என்று முடிவுகட்டி ஒரு மாதம் ஸ்டோரேஜ் ஆட்களோடு மல்லுக்கட்டினோம். கேபிளை மாற்றினார்கள். கன்ட்ரோலரை மாற்றினார்கள். கடைசியில் ஒருநாள் வேறு வேலையில்லாமல் லாகை மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனேன். உறைவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் ஓர் ஊப்ஸ் கிடந்தது. அதில் செத்த பிராசஸ் ஒரு மியூட்டெக்ஸைப் பூட்டிவிட்டு, சாவியை மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பூட்டைத் திறக்க வந்த பிராசஸ் எல்லாம் ஒவ்வொன்றாக வரிசையில் நின்று, மாலைக்குள் மொத்தச் சர்வரும் வரிசையில் நின்றுவிட்டது. ஸ்டோரேஜ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஆகவே கடைசிச் செய்தியைப் பார்க்காதீர்கள், முதல் செய்தியைத் தேடுங்கள். அறிக்கையில் 'ஊப்ஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். [#1] என்றால் பூட் ஆனதிலிருந்து இதுதான் முதல் ஊப்ஸ். [#4] என்றிருந்தால் அதை நம்பி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். முதலாவதைத் தேடிப் பிடியுங்கள். 'டெயின்டட்' வரியில் 'டி' என்ற எழுத்து இருந்தாலும் அதே பொருள்: இந்தக் கெர்னல் முன்பே ஒருமுறை அடிபட்டது.

ஓர் ஊப்ஸைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

பயிற்சிக்காக 'முறுக்கு' என்று ஒரு சின்ன மாட்யூல் எழுதி, அதில் வேண்டுமென்றே ஒரு தவறு வைத்தேன். அது உருவாக்கும் கோப்பை 'கேட்' கட்டளையால் படித்ததும் டிமெசேஜில் வந்தது இது. நீளம் கருதிப் பாதியை வெட்டியிருக்கிறேன்.

பக்: கெர்னல் நல் பாயின்டர் டீரெஃபரன்ஸ், அட்ரஸ்: 0000000000000018
ஊப்ஸ்: 0000 [#1]
சிபியு: 3 பிஐடி: 2417 காம்: கேட் டெயின்டட்: ஜி ஓஇ
ஆர்ஐபி: 0010:முறுக்கு_ரீட்+0எக்ஸ்2சி/0எக்ஸ்90 [முறுக்கு]
கால் டிரேஸ்:
விஎஃப்எஸ்_ரீட்
கேசிஸ்_ரீட்
டூ_சிஸ்கால்_64

முதல் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. முகவரி வெறும் பூஜ்யம் இல்லை, 18. இது பதினாறடிமான எண். நம் கணக்கில் 24. யாரோ ஒரு காலியான பாயின்டரை நம்பி, அது சுட்டும் ஸ்ட்ரக்ட்டுக்குள் 24-ஆவது பைட்டில் இருக்கும் உறுப்பைப் படிக்கப் போயிருக்கிறார்கள். என் ஸ்ட்ரக்ட்டில் முதலில் 16 பைட் பிடிக்கும் ஒரு லிஸ்ட் தலை, அடுத்து 8 பைட்டில் ஓர் எண், அதற்கடுத்து ஒரு பாயின்டர். 16-உம் 8-உம் 24. மூன்றாவது உறுப்பைத் தொட்ட வரி எது என்று பார்த்தால் போதும், ஆள் கிடைத்துவிடுவான். பெரிய ஸ்ட்ரக்ட்டில் விரல்விட்டு எண்ண முடியாது. 'பாஹோல்' என்ற கருவி ஒவ்வோர் உறுப்பும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று காட்டும்.

ஊப்ஸுக்குப் பக்கத்திலுள்ள 0000 ஒரு குறிப்பு. இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் இதன் கடைசி பிட் பூஜ்யமானால் அந்த முகவரியில் நினைவகப் பக்கமே இல்லை. ஒன்றானால் பக்கம் இருக்கிறது, தொட அனுமதி இல்லை. அடுத்த பிட் ஒன்றானால் எழுதப்போனபோது நேர்ந்தது, பூஜ்யமானால் படிக்கப்போனபோது. இங்கே படிக்கப்போன இடம் காலி. 0002 என்றிருந்தால் எழுதப்போன இடம் காலி.

ஆர்ஐபி வரிதான் சம்பவ இடம். 'முறுக்கு_ரீட்' என்ற ஃபங்ஷன் மொத்தம் 90, அதாவது 144 பைட். அதில் 2சி, அதாவது 44-ஆவது பைட்டில் அடி விழுந்திருக்கிறது. முழு முகவரியை எழுதி வைத்துக்கொண்டு பயனில்லை. இப்போதைய கெர்னல்கள் ஒவ்வொரு பூட்டிலும் தம்மை வேறு வேறு இடத்தில் ஏற்றிக்கொள்கின்றன. ஃபங்ஷன் பெயரும் கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எண்ணும் மாறாது. அதே கெர்னலை பில்டு செய்தபோது கிடைத்த, டீபக் தகவலோடு கூடிய விஎம்லினக்ஸ் கோப்பு கையிலிருந்தால், கெர்னல் மூலத்தோடு வரும் 'டீகோட்_ஸ்டாக்டிரேஸ்' ஸ்கிரிப்ட் இவற்றைக் கோப்புப் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்றித்தரும். மாட்யூலில் என்றால் அந்த மாட்யூல் கோப்பிலும் டீபக் தகவல் வேண்டும்.

கால் டிரேஸைக் கீழிருந்து மேலே படியுங்கள். சிஸ்டம் கால் வந்தது, ரீட் என்றது, விஎஃப்எஸ் அதை வாங்கி முறுக்கிடம் கொடுத்தது. சில வரிகளுக்கு முன்னால் கேள்விக்குறி இருக்கும். அவை ஸ்டாக்கில் கிடந்த பழைய எச்சமாக இருக்கலாம் என்று கெர்னலே எச்சரிக்கிறது. முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள்.

'ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்' என்று வந்து, முகவரி விசித்திரமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். 6பி6பி6பி என்று நீண்டுகொண்டே போனால், விடுவித்த நினைவகத்தை யாரோ மறுபடி தொட்டிருக்கிறார்கள்: ஸ்லாப் டீபக்கை இயக்கியிருந்தால் விடுவிக்கும் இடத்தையெல்லாம் கெர்னல் இந்த எண்ணால் நிரப்பி வைக்கும். வீட்டைக் காலிசெய்தபின் சுவரில் சுண்ணாம்பு அடித்துவைப்பதுபோல. முகவரி டி, இ, ஏ, டி என்று தொடங்கினால் லிஸ்டிலிருந்து நீக்கப்பட்ட ஒன்றை மறுபடி நீக்கவோ, அதன்வழி நடக்கவோ முயன்றிருக்கிறார்கள். பதினாறடிமானத்தில் இந்த நான்கு எழுத்தும் இலக்கங்கள் என்பதால், சேர்த்துப் படித்தால் 'டெட்' என்று வரும்படி வைத்திருக்கிறார்கள். கெர்னல்காரர்களின் நகைச்சுவை இந்த ரகம்.

'டெயின்டட்' வரியில் 'பி' இருந்தால் மூலம் வெளியிடப்படாத மாட்யூல் ஏறியிருக்கிறது, 'ஓ' இருந்தால் கெர்னலுக்கு வெளியிலிருந்து வந்த மாட்யூல், 'இ' என்றால் கையொப்பமில்லாதது. என் முறுக்கு பிந்தைய இரண்டும். இந்த எழுத்துகளின் முக்கியத்துவம் புகார் அனுப்பும்போது தெரியும்.

மாஜிஸ்ட்ரேட்டை வரவழைத்தல்

எளிய வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சீரியல் கன்சோல் பழசுதான், ஆனால் இன்றும் இதைவிட நம்பகமானது இல்லை. பூட் வரியில் 'கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200' என்று சேர்த்து, மறுமுனையில் வேறொரு மெஷின் கேட்டுக்கொண்டிருந்தால், கடைசி மூச்சு வரை வந்து சேரும். சர்வர்களில் கேபிள்கூட வேண்டாம், ஐபிஎம்ஐ வழியாக நெட்வொர்க்கிலேயே சீரியலைப் படிக்கலாம். சீரியல் இல்லையென்றால் 'நெட்கன்சோல்': கெர்னல் செய்திகளை யுடிபி பொட்டலங்களாக இன்னொரு மெஷினின் 6666-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். வயர்டு நெட்வொர்க்கில் நன்றாக வேலை செய்யும், வைஃபையை நம்பாதீர்கள்.

வேறு மெஷினே இல்லாத லேப்டாப்காரர்களுக்கு 'பிஸ்டோர்'. லாகின் கடைசிப் பகுதியை மதர்போர்டின் இஎஃப்ஐ நினைவகத்தில் செருகிவைக்கும். அடுத்த பூட்டில் '/சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர்' அடைவில் பாருங்கள். சிஸ்டம்டி இருந்தால் அதுவே எடுத்து '/வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர்' கீழே வைத்திருக்கலாம். இஎஃப்ஐ இடம் மிகச் சிறியது, நகலெடுத்ததும் அழித்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் திரையில் இருக்கும்போது பேனிக் ஆனால் பல காலமாக ஒன்றுமே தெரியாது. படம் உறைந்து நிற்கும், சில கீபோர்டுகளில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்கும். 6.10 பதிப்பில் அதற்கென்று ஒரு பேனிக் திரை வந்தது, 6.12-இல் அந்தத் திரையில் லாகை க்யூஆர் கோடாகக் காட்டும் வசதியும் சேர்ந்தது. போனைக் காட்டினால் எழுத்தாகவே கிடைக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரும் டிஸ்ட்ரிபியூஷனும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

இவையெல்லாம் வாக்குமூலம் மட்டும் வாங்கும். பிரேதப் பரிசோதனையே செய்யவேண்டுமென்றால் 'கேடம்ப்' வேண்டும். புரொடக்ஷன் சர்வர் என்றால் இது இல்லாமல் விடாதீர்கள்.

செத்துக்கொண்டிருக்கும் கெர்னலின் டிஸ்க் டிரைவரை நம்பி நினைவகத்தை எழுதச் சொல்வது ஆபத்து. பழைய டம்ப் கருவிகள் அப்படித்தான் செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டன. கேடம்ப்பில் பூட்டாகும்போதே ரேமில் ஒரு துண்டை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக ஏற்றி வைக்கிறோம். முதல் கெர்னல் அந்தத் துண்டைத் தொடுவதே இல்லை. பேனிக் ஆனதும் கட்டுப்பாடு நேரே இரண்டாவதுக்குத் தாவும். அது புதிதாக எழுந்து, தன் சொந்த டிரைவரை ஏற்றி, முதல் கெர்னலின் நினைவகம் முழுவதையும் '/பிராக்/விஎம்கோர்' என்ற ஒரே கோப்பாகப் பார்த்து, டிஸ்கில் இறக்கிவிட்டு ரீபூட் செய்யும். இதற்கு அடிப்படையான 'கேஎக்ஸெக்' 2005-இல் 2.6.13 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது.

டெபியனிலும் உபுன்டுவிலும் 'கேடம்ப்-டூல்ஸ்' தொகுப்பை நிறுவுங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் 'கேடம்ப்' சர்வீஸ் உண்டு. பூட் வரியில் 'கிராஷ்கெர்னல்=256எம்' போன்ற ஒதுக்கீடு இருக்கவேண்டும். ரீபூட் செய்துவிட்டு '/சிஸ்/கெர்னல்/கேஎக்ஸெக்_கிராஷ்_லோடட்' என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1 என்றால் மாஜிஸ்ட்ரேட் வந்து உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்திருப்பவர் எழுதுவாரா என்பது வேறு விஷயம். நான் பார்த்த கேடம்ப் தோல்விகளில் பெரும்பாலானவை ஒதுக்கிய நினைவகம் போதாமல் இரண்டாவது கெர்னலும் மூச்சடைத்துச் செத்தவை, அல்லது அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அந்தச் சர்வரின் ரெய்டு கார்டு டிரைவர் இல்லாதவை. இதைப் பேனிக் வரும் நாளில் தெரிந்துகொள்ளக்கூடாது. சர்வரை ஒப்படைப்பதற்கு முன்பே ஒருமுறை நீங்களாகவே கொன்று பாருங்கள். மற்ற வேலைகளை நிறுத்துங்கள், 'சிங்க்' என்று அடியுங்கள், பிறகு ரூட்டாக 'எக்கோ சி > /பிராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர்'. மெஷின் அந்த நொடியே பேனிக் ஆகும். எழுந்தபின் '/வார்/கிராஷ்' கீழே விஎம்கோர் இருந்தால் சரி. ரேம் 256 ஜிபி என்றால் கோப்பும் அவ்வளவு இருக்குமோ என்று பயப்படவேண்டாம். 'மேக்டம்ப்ஃபைல்' கருவிக்கு 'டி 31' என்று கொடுத்தால் காலிப் பக்கங்கள், கேஷ், பயனர் பிராசஸ்களின் பக்கங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதும்.

விஎம்கோரை 'கிராஷ்' கருவியில், பொருத்தமான டீபக் விஎம்லினக்ஸோடு திறக்கலாம். 'லாக்' என்றால் செத்த கெர்னலின் டிமெசேஜ் முழுவதும் வரும். 'பிடி' என்றால் விழுந்த இடத்தின் கால் டிரேஸ். எந்த பிராசஸ் எந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது என்பது வரை நிதானமாகப் பார்க்கலாம், காபி குடித்துக்கொண்டே. ஒன்று மட்டும்: அந்தக் கோப்பில் கெர்னலின் நினைவகம் அப்படியே இருக்கிறது, சாவிகளும் சங்கேதங்களும் அதில் இருக்கலாம். பொதுவெளியில் ஏற்றிவிடாதீர்கள்.

பேனிக்குக்குப் பிறகு என்ன செய்யவேண்டும்?

'கெர்னல்.பேனிக்' என்ற சிஸ்சிடிஎல் அமைப்பு பூஜ்யமாக இருந்தால் பேனிக் ஆன மெஷின் யாராவது வரும்வரை அப்படியே நிற்கும். 10 என்று வைத்தால் பத்து விநாடியில் தானே ரீபூட் ஆகும். மேசைமேல் இருக்கும் மெஷினுக்குப் பூஜ்யமே நல்லது, திரையைப் படம் பிடிக்க நேரம் கிடைக்கும். கைக்கெட்டாத சர்வருக்கு 10 வையுங்கள், கூடவே 'பேனிக்_ஆன்_ஊப்ஸ்' 1. ஊப்ஸ் வாங்கிய கெர்னல்மேல் டேட்டாபேஸ் ஓடுவதைவிட அது ஒரு நிமிடம் இறங்கி ஏறுவது மேல். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு. அவர்கள் என் ஃபைல் சர்வரோடு ஒரு மாதம் இருந்து பார்க்கவேண்டும்.

ஊப்ஸைத் தொடர்ந்து சகித்துக்கொள்வது பாதுகாப்புக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு ஊப்ஸும் எங்காவது ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டுவிடலாம். வேண்டுமென்றே லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஊப்ஸை உண்டாக்கி அந்த எண்ணை நிரம்பி வழியச்செய்தால் உள்ளே நுழைய வழி கிடைக்கும். அதனால்தான் 6.2 பதிப்பிலிருந்து 'ஊப்ஸ்_லிமிட்' வந்தது. இயல்பாக 10,000 ஊப்ஸ் ஆனதும் கெர்னல் தானே பேனிக் ஆகிவிடும்.

தானாக ரீபூட் ஆவது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால் விண்டோஸ் மெஷின்கள் உலகெங்கும் விழுந்தன. மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம். அந்த நிறுவனத்தின் டிரைவர் தன் வரம்பைத் தாண்டிய நினைவகத்தைப் படிக்கப்போனதுதான் காரணம். அந்த டிரைவர் பூட்டின்போதே ஏறுவதால், எழுந்த மெஷின் மறுபடி விழுந்தது. ஒவ்வொன்றாக சேஃப் மோடில் ஏற்றி, கோப்பைக் கையால் அழிக்கவேண்டியிருந்தது. லினக்ஸிலும் இதே சுழலில் மாட்டலாம். அதற்குத்தான் கிரப் மெனுவில் பழைய கெர்னல் ஒன்றாவது எப்போதும் இருக்கவேண்டும் என்று நான்காம் அத்தியாயத்தில் அடித்துச் சொன்னேன்.

பேனிக்தான், ஆனால் கெர்னல்மேல் குற்றமில்லை

உங்களுக்கு வரும் பேனிக்குகளில் இரண்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். புகார் எழுதும் வேலை மிச்சம்.

'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)'. ரூட் டிஸ்க்கே கெர்னலின் கண்ணில் படவில்லை. கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வந்தால், பெரும்பாலும் '/பூட்' பார்ட்டிஷன் நிரம்பி, இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றிருக்கும். பழைய கெர்னலில் ஏறி, வேண்டாத பழசுகளை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள்.

'அட்டெம்ப்டட் டு கில் இனிட்!' என்பது இன்னொன்று. பயப்படாமல் அதே வரியின் 'எக்ஸிட்கோட்' எண்ணைப் பாருங்கள். 00007எஃப்00 என்றால் இனிட் 127 என்ற நிலையோடு வெளியேறியிருக்கிறது. தேவையான ஷேர்டு லைப்ரரி கிடைக்காதபோது வருவது இது. யாரோ சி லைப்ரரியைக் கையால் மாற்றப் போய்ப் பாதியில் விட்டிருப்பார்கள். 0000000பி என்றால் 11-ஆம் சிக்னல், செக்மென்டேஷன் ஃபால்ட்டில் இனிட் செத்திருக்கிறது. லைவ் யுஎஸ்பியில் ஏறிச் சரிசெய்யவேண்டியதுதான்.

'மெஷின் செக்' என்ற சொல் எங்காவது தென்பட்டால் அது ஹார்டுவேர். ஒவ்வொரு முறையும் ஆர்ஐபி வேறு வேறு ஃபங்ஷனில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்றாலும் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.

மாட்யூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நடக்கவே கூடாத ஒன்று நடந்துவிட்டதே என்று 'பக்_ஆன்' போட்டு கெர்னலைச் சாகடிக்காதீர்கள். அது பிழை கையாளுதல் ஆகாது. லைனஸ் டோர்வால்ட்ஸ் இதற்காகப் பலரைத் திட்டியிருக்கிறார். கெர்னலின் ஆவணங்களே புதிய நிரலில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்கின்றன. 'வார்ன்_ஆன்_ஒன்ஸ்' போட்டு, லாகில் டிரேஸை விட்டுவிட்டு, பிழை எண்ணைத் திருப்பி அனுப்பி ஒதுங்குங்கள். 'ஒன்ஸ்' முக்கியம்; இல்லாவிட்டால் விநாடிக்கு ஆயிரம் எச்சரிக்கை வந்து முதல் செய்தி லாக் பஃபரிலிருந்து தள்ளப்பட்டுவிடும். பெரிய கூடங்களில் 'பேனிக்_ஆன்_வார்ன்' போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, அங்கே உங்கள் எச்சரிக்கையும் மெஷினைக் கொல்லும். பயனர் தவறான எண் கொடுத்தார் என்பதற்கெல்லாம் வார்ன் வேண்டாம்.

புகார் எழுதுதல்

டிஸ்ட்ரிபியூஷன் கொடுத்த கெர்னல் என்றால் முதல் புகார் அவர்களுக்கு. கெர்னல் டெவலப்பர்களிடமே போவதென்றால் புதிய மெயின்லைன் பதிப்பில் அதே பிழை வருகிறதா என்று பார்த்தாகவேண்டும். வெளி மாட்யூல்களை ஏற்றாமல், டெயின்ட் இல்லாத நிலையில் வருகிறதா என்றும் பாருங்கள். 'பி'யோ 'ஓ'வோ இருக்கும் அறிக்கையைப் பலர் படிக்காமலேயே மூடிவிடுவார்கள். கோபித்துப் பயனில்லை, தங்கள் கண்ணில் படாத நிரல் நினைவகத்தில் என்ன செய்தது என்று அவர்களால் சொல்ல முடியாது.

யாருக்கு எழுதுவது? கெர்னல் மூலத்தில் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பு உண்டு. 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட்டிடம் ஆர்ஐபி காட்டிய ஃபங்ஷன் இருக்கும் கோப்பின் பெயரைக் கொடுத்தால் மின்னஞ்சல் முகவரிகளைத் தரும். கெர்னலுக்கு பக்ஸில்லா தளம் இருக்கிறதுதான், ஆனால் பல பிரிவுகளின் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. மின்னஞ்சல் வெறும் எழுத்தாக இருக்கட்டும். ஊப்ஸை அதன் முதல் வரியிலிருந்து ('கட் ஹியர்' என்ற கோடு இருந்தால் அதிலிருந்து) 'எண்ட் டிரேஸ்' வரை ஓர் எழுத்து குறையாமல் ஒட்டுங்கள். திரைப் படம் மட்டுமே கையில் இருந்தால் அதை இணைத்துவிட்டு, ஆர்ஐபி வரியையும் கால் டிரேஸையும் தட்டச்சு செய்துவிடுங்கள்; படத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு முக்கியமில்லை என்று தோன்றும் வரிகளை வெட்டும் ஆசை வரும். வெட்டாதீர்கள்.

பொருள் வரியில் 'உதவி தேவை, மிக அவசரம்' வேண்டாம். எந்தப் பிரிவு, எந்தப் பதிப்பு, எந்த ஃபங்ஷனில், என்ன செய்தபோது: இவ்வளவுதான். முந்திய பதிப்பில் இல்லாத பிழை என்றால் 'ரிக்ரெஷன்' என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக்கூடாது என்பது கெர்னலின் எழுதப்பட்ட விதி, அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. 'கிட் பைசெக்ட்' செய்து, உடைத்த கமிட்டையே காட்டிவிட்டால் இன்னும் மரியாதை. இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பாதிப் பாதியாக வெட்டினால் ஏறத்தாழ 14 முறை பில்டு செய்து பூட் செய்தால் போதும். ஒரு சனி, ஞாயிறு போகும்.

சாதாரணப் பயனர் ஒருவரே மெஷினை விழவைக்க முடிகிறது என்றாலோ, வெளியிலிருந்து ஒரு நெட்வொர்க் பொட்டலத்தால் விழுகிறது என்றாலோ, அதை யாரும் படிக்கும் இடத்தில் எழுதாதீர்கள். கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கென்று தனி முகவரி இருக்கிறது.

அனுப்பிவிட்டு அப்படியே மறந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் 'இந்த பேட்ச்சைப் போட்டுப் பாருங்கள்' என்று ஒரு பதில் வரலாம், இரண்டு வாரம் ஒன்றுமே வராமலும் போகலாம். வராவிட்டால் அதே இழையில் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். பேட்ச் வந்தால் போட்டுப் பார்த்து, விழவில்லை என்றால் 'டெஸ்டட்-பை' என்று உங்கள் பெயரையும் முகவரியையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். கமிட்டோடு சேர்ந்து அந்த வரி கெர்னலின் வரலாற்றில் இருக்கும். பேட்ச் உள்ளே போகும்வரை விஎம்கோரை அழிக்காதீர்கள், இன்னொரு கேள்வி வரலாம். உள்ளே போனதும் அழித்துவிடுங்கள். '/வார்' நிரம்பிச் சர்வர் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.